பத்தொன்பதாம் வாரத்துப் புள்ளிகள்

வரைபடம் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரகடத்தில் செல்போன் கேமரா செய்கிற கம்பெனியில் ஏழு வருஷமாக வேலை செய்கிறேன். இப்போது சோதனை லைனில் நிற்கிறேன். ஒரு ஷிஃப்டுக்கு நாலாயிரம் புள்ளிகள் என் கண் முன்னால் ஏறி இறங்கும். கோட்டுக்கு மேலே இருந்தால் பாஸ், கீழே போனால் ஃபெயில். அதனால் அந்தச் சனிக்கிழமை, ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையின் சுவரில் புதிதாக ஒட்டியிருந்த படத்தை மற்ற அம்மாக்கள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் கிட்டே போய்க் கேட்டேன்.

"இதுல லிமிட் கோடு எங்க?"

ஷெர்லின் சிரித்தாள். எங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள். மற்ற நேரத்தில் அந்த ஆஸ்பத்திரியைச் சேர்ந்த மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளர். நாகர்கோவில்காரி. சங்கரன்கோவிலில் இருந்து வந்த எனக்கு அந்தப் பேச்சே பாதி மருந்து.

"லிமிட் கெடையாதுக்கா. பாஸ் ஃபெயில் போடுறதுக்கு எடுத்தது இல்ல இது."

என் மகள் வேல்விழி என் இடுப்பில் இருந்து இறங்கத் துடித்தாள். இரண்டு வயது. டவுன் சிண்ட்ரோம். ஷேர் ஆட்டோவில் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, "பாப்பா இன்னா, நேபாளமா?" என்று கேட்பவர்கள் உண்டு. "இல்ல, ஜப்பான். இப்பத்தான் ஃப்ளைட் எறங்கி வர்றா" என்பேன். அதற்குமேல் அவர்கள் கேட்பதில்லை. கீழே விட்டதும் அவள் தவழ்ந்து போய், வழக்கம்போல மூலைச் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றாள். அந்தச் சுவருக்குப் பின்னால் ஏதோ ஒரு மிஷின் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். ஏசி என்று நினைத்திருந்தேன். ஆறு மாதமாக, எந்தப் பொம்மையைக் காட்டினாலும் கடைசியில் அவள் போய் நிற்பது அங்கேதான்.

ஷெர்லின் படத்தை விளக்கினாள். "வயித்துல இருக்கும்போதே மூளை தன்னக் கட்டிக்கிடும். கட்டும்போது ஒரு செல் அடுத்த செல்லுக்குச் சேதி சொல்லணும்லா, அதுக்குச் சில ரசாயனம் இருக்கு. செரோட்டோனின்னு ஒண்ணு. நம்ம பிள்ளைகளுக்கு அது வயித்துலயே கொஞ்சம் கொறைச்சல். செவப்பு முக்கோணம் நம்ம பிள்ளைக. நீல வட்டம் மத்த பிள்ளைக. கீழ இருக்க நம்பர், எத்தனாவது வாரம்ங்கது."

"செவப்பெல்லாம் கீழயா கீது?" என்று கேட்டாள் பென்னலூர் மஞ்சுளா. அவளுக்கும் ஒரு மகன், வேல்விழியைப் போலவே.

"கூட்டமாப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும். ஒத்தப் பிள்ளைய எடுத்து வச்சுப் பாத்தா ஒண்ணும் சொல்ல முடியாது. பாருங்க, இங்க மேல கீழ மாறிக் கெடக்கு."

அவள் விரல் வைத்த இடம் பத்தொன்பதாவது வாரம். அங்கே இரண்டே புள்ளிகள், அரிசி மணி இடைவெளியில். சிவப்பு மேலே, நீலம் கீழே.

"வயித்துக்குள்ள இருக்கறத எப்டி அளந்தீங்க?" மஞ்சுளா விடவில்லை.

ஷெர்லின் குரலைத் தாழ்த்தினாள். "பொறக்காமப் போன பிள்ளைகக்கா. அம்மா அப்பா சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. இங்க சுத்து வட்டாரத்துல மூணு ஆஸ்பத்திரில இருந்து வந்துச்சு. சின்னத் துணுக்குதான். அந்தா அந்த ரூம்ல, ஃப்ரீசர்ல, மைனஸ் எம்பது டிகிரில இருக்கு."

அவள் காட்டியது வேல்விழி கை வைத்திருந்த சுவரை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஏழு இடத்தில். எதற்கு என்று படிக்கவில்லை. கம்பெனியில் எதையும் படித்துவிட்டா கையெழுத்துப் போடுகிறோம்?

அப்போது கொரோனா வருவதற்கு ஒரு மாதம் இருந்தது. எனக்குப் பதினெட்டாவது வாரம். இரத்தப் பரிசோதனையில் முப்பத்தெட்டுக்கு ஒன்று என்று வந்தது. முப்பத்தெட்டு பேருக்கு இதே மாதிரி வந்தால் அதில் ஒரு குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம் என்று டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். இது சந்தேகம்தான், முடிவு இல்லை, பனிக்குட நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார். இருபது வாரத்துக்கு மேல் கலைக்கக் கூடாது என்று அன்றைக்குச் சட்டம். வாரத்தை எண்ணிப் பார்த்தால் இடிக்கிறது. எனக்கு லீவும் கிடையாது.

வெளியே வந்து ஒரகடம் சந்திப்பில் பஸ்ஸுக்கு நின்றோம். அப்போது நானும் என் வீட்டுக்காரர் நம்பிராஜனும் ஆளுக்கொரு கம்பெனியில் ஒரே வேலை செய்துகொண்டிருந்தோம். வெளியில் இருந்து வருகிற சாமானைச் சோதிக்கிற வேலை. பெட்டியில் இருந்து சிலதை எடுத்துப் பார்ப்போம். நூறில் ஒன்றுக்கு மேல் கெட்டது வந்தால் மொத்த லாட்டும் வந்த லாரியிலேயே திரும்பிப் போகும். மிச்சம் எல்லாம் தங்கமாக இருந்தாலும் சரி. அதுதான் விதி.

அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முப்பத்தெட்டுக்கு ஒண்ணுன்னா லாட் ரிஜெக்ட்டுதானட்டி?"

நான் தலையாட்டினேன்.

பாக்கி முப்பத்தேழு நல்லாயிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியபோது நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன். எல்லாம் முடிந்துவிட்டது, மார்பில் பால் மட்டும் கட்டிக்கொண்டு கல்லாகக் கிடந்தது. ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்கவில்லை. இப்போது சோதனை லைனில் நகம் அளவு கேமரா ஒன்று ஃபெயில் ஆனால், அதே மிஷினில் இன்னொரு தடவை போட வேண்டும், பிறகு பக்கத்து மிஷினில் ஒரு தடவை போட வேண்டும். மூன்று தடவை பார்க்காமல் எதையும் தூக்கிப் போட எனக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு ரீடெஸ்டுக்கும் எனக்கு அந்தப் பஸ் ஸ்டாப்பு ஞாபகம் வரும். ஒரு ஷிஃப்டுக்கு நாற்பது ஐம்பது தடவை வரும்.

அடுத்த தடவை உண்டானபோது ஒரு டெஸ்டுக்கும் கை நீட்டவில்லை. டாக்டர் திட்டினார். திட்டட்டும் என்று இருந்தேன். வேல்விழி பிறந்தாள்.

அவளுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, சேரப்பணஞ்சேரியில் எங்கள் வரிசை வீட்டுக் குழாயடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா ஏலவார்குழலி மோட்டார் போட வந்தார். தண்ணீர் விஷயத்தில் அவர் வாயைத் திறந்தால் எட்டு வீடும் நடுங்கும். அன்றைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்கு அழுவுற? மொதல்ல ஒண்ணு போச்சே, அதான் வுடாப்பிடியா திரும்பி வந்து கீது. நீ வோணான்னாலும் உன்னாண்டதான் வருவேன்னு வந்துட்சி. இந்த தபா வுட்றாத."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்தேன். வேண்டாம் என்று அனுப்பிய அதே பிள்ளை, அதே மூளையோடு, அதே கண்ணோடு என்னிடமே வந்துவிட்டது. அப்படியென்றால் எனக்கு மன்னிப்பு உண்டு. காலையில் அவள் கண் விழித்ததும் "வந்துட்டியாட்டி?" என்பேன். குளிப்பாட்டும்போது "வந்தவளே", சோறு ஊட்டும்போது "வந்தவளே". வேல்விழி என்று பெயர் வைத்தது பிறப்புச் சான்றிதழுக்குத்தான். ஏலவார்குழலி அம்மா அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஆம்பிளைகளுக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது என்று விட்டுவிட்டேன்.

பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் ஷெர்லின் ஒரு படிவம் நிரப்புவாள். எத்தனையாவது குழந்தை? முதல் என்பேன். திரும்பி வந்தவளை எப்படி இரண்டு என்று எண்ணுவது? பெயர் சொன்னால் திரும்புகிறாளா? இல்லை. "வீட்டுல பேரச் சொல்லித்தானக்கா கூப்பிடுதீங்க? இந்நேரம் திரும்பணுமே" என்று ஒவ்வொரு தடவையும் கவலைப்படுவாள். "கூப்பிடுதேன், கூப்பிடுதேன்" என்று வாய் கூசாமல் பொய் சொல்வேன்.

அன்றைக்கு மற்ற அம்மாக்கள் போகும்வரை காத்திருந்தேன். என் பையில் பழைய ஃபைல் எப்போதும் இருக்கும். கம்பெனி பழக்கம், ஸ்டிக்கர் ஒட்டிய எதையும் தூக்கிப் போட மாட்டேன். கடைசிப் பக்கத்தில், ஏழு கையெழுத்துக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டிக்கர், அதில் ஒரு எண். அதை ஷெர்லினிடம் நீட்டினேன்.

அவள் படித்தாள். முகம் மாறிவிட்டது. உள்ளே போய் ஏதோ பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இதுல இருக்குக்கா" என்றாள் மெதுவாக. "பத்தொன்பதாவது வாரம்."

"செவப்பா, நீலமா?"

"நான் சொல்லக் கூடாதுக்கா. டாக்டருக்கு எழுதிக் குடுங்க, முறையாச் சொல்லுவாங்க. பெத்தவங்களுக்குக் கேக்குற உரிமை உண்டு." பிறகு தயங்கினாள். "ஆனா குரோமோசோம் ரிசல்ட்ட அப்பவே அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்போமே. அவங்க ஃபைல்ல இருக்க நம்பருக்குப் போன் பண்ணிச் சொல்லியிருப்பாங்களே. உங்களுக்கு வரலையா?"

ஃபைலில் இருந்த நம்பர் என்னுடையது இல்லை. நம்பிராஜனுடையது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே வேண்டுதல்தான். சிவப்பாக இருக்கட்டும். சிவப்பாக இருந்தால் இவள்தான் அவள். எதுவும் தொலைந்துபோகவில்லை. ஆட்டோ படப்பையைத் தாண்டும்போதுதான் அந்த வேண்டுதலின் மறுபக்கம் உறைத்தது. சிவப்பு என்றால் அனுப்பியது சரி என்று மனசு ஆறும். அனுப்பியது சரி என்றால், மடியில் தூங்குகிறாளே, இவளையும் அனுப்பியிருக்க வேண்டும் என்றுதானே அர்த்தம்? என் கை தானாக வேல்விழியின் காதைப் பொத்தியது. நான் வாய் திறந்து ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

அந்த வாரம் அவருக்கு மூன்றாவது ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தார். வாசலில் குனிந்து ஒரு ஷூவைக் கழற்றியபோதே கேட்டுவிட்டேன்.

"அந்த மொத பிள்ளைக்கு ரிசல்ட்டு ஒங்க போனுக்குச் சொன்னாங்களாமே. வந்துச்சா?"

அவர் நிமிரவில்லை. "எந்த ரிசல்ட்டு?"

"எந்த ரிசல்ட்டுன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"கேக்காதட்டி."

"வந்துச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

ஒரு காலில் ஷூவோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். "வந்துச்சு. லாக்டவுன்ல. நீ ஊர்ல இருந்த. வண்டிய விடமாட்டேன்னுட்டாங்க, நடந்து போயி வாங்குனேன். படிச்சா ஒண்ணும் வெளங்கல. நர்ஸம்மாட்ட கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. இரண்டாவது விசிலும் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் சொன்னார்.

"ரீடெஸ்ட்ல பாஸு."

எங்களுக்குள் வேறு பாஷை இல்லாமல் போய்விட்டது, பாருங்கள். நல்லா இருந்திருக்கும், ஒரு குறையும் இல்லாத பிள்ளை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும் அந்த இரண்டு வார்த்தையே போதுமாக இருந்தது.

"எங்க அந்தப் பேப்பரு?"

"கம்பெனி லாக்கர்ல. சேஃப்டி ஷூவுக்கு அடியில."

"அஞ்சு வருசமாவா?"

"தெனமும் ஷூவ எடுக்கும்போது பாத்துக்கிடுவேன்."

அவரைக் கொல்ல வேண்டும் போல இருந்தது. "அந்தம்மா திரும்பி வந்துச்சு, திரும்பி வந்துச்சுன்னு சொன்னப்பல்லாம் செருப்ப மாட்டிக்கிட்டுப் போனீயளே, அப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? ரெண்டு வருசமா நான் இவகிட்ட யாருன்னு நெனச்சிப் பேசிக்கிட்டு இருக்கேன்?"

"அந்தப் பேச்சக் கேட்டப்பதான் நீ சிரிச்ச" என்றார். "அதுக்கு முன்னால மூணு மாசம் நீ சிரிக்கவே இல்ல. நான் என்னத்தச் சொல்ல?" அவர் தோள் குலுங்கியது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. தொடப் போனேன், தொடவில்லை. அந்தப் பஸ் ஸ்டாப்பில் நானும்தான் தலையாட்டினேன்.

உள்ளே வேல்விழி விழித்துவிட்டாள். பாயில் எழுந்து உட்கார்ந்து, வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டிக் காத்திருந்தாள். நான் சொல்லப் போகிற சொல்லுக்காக.

சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அவளைப் பார்த்ததும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஆள் மாறிப்போச்சே என்று எனக்குத் தோன்றியது. பெற்ற மகளைப் பார்த்து அப்படித் தோன்றியது. இவள் திரும்பி வந்தவள் இல்லை. எங்கும் போகாதவள், முதல் முறையாக வந்தவள். நான் அனுப்பிய பிள்ளை யார் வயிற்றுக்கும் வரவில்லை. அது சுவருக்கு அந்தப் பக்கம் குளிரில் இருக்கிறது. ஆறு மாதமாக நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இங்கே பொம்மையை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வந்துட்டியா" என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"வேல்விழி" என்றேன்.

அவள் அசையவில்லை. யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பாள். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. "வேல்விழி" என்று மறுபடி கூப்பிட்டேன். எனக்கே அந்தப் பெயர் புதிதாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது போல இருந்தது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் அவள் பெயர் தெரியாது. அது மூளையில் எந்த ரசாயனம் குறைந்ததாலும் இல்லை. நான் கொடுக்கவில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டேன். அப்பாவின் அழுகையைக் கேட்டு அவளும் அழுதாள்.

குளிக்கும் தண்ணீருக்கு நின்றபோது ஏலவார்குழலி அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டார். "இன்னா கண்ணு, ஒரு மாதிரியா கீற? திரும்பி வந்த மகராசி இன்னா சொல்றா?"

"இது அது இல்லம்மா" என்றேன். "இது வேற."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என்றைக்கும் இல்லாமல் மோட்டாரை நிறுத்தாமல் விட்டுவிட்டுப் போனார்.

புதன்கிழமை என் வீட்டுக்காரரும் கூட வந்தார். அதுவரை அவர் அந்த அறைக்கு வந்ததே இல்லை. உள்ளே நுழைந்ததும் வேல்விழி மூலைச் சுவருக்குப் போய் உள்ளங்கையை வைத்து நின்றாள். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சொன்னேன். அவர் மெல்லப் போய் மகளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவரும் சுவரில் கையை வைத்தார். ஷெர்லின் கதவைச் சாத்தினாள்.

நான் படத்துக்கு எதிரே நின்றேன். பத்தொன்பதாவது வாரம். மேலே சிவப்பு, கீழே என் நீலம். ஒரு விரல் நுனியை வைத்தால் இரண்டும் மறைந்துவிடுகின்றன. இதில் யாராவது ஒரு லிமிட் கோடு போட்டிருந்தால் என் பிள்ளைதான் ஃபெயில் ஆகியிருக்கும். அந்தச் சிவப்புக்கும் ஒரு அம்மா இருப்பாள், இந்த வட்டாரத்தில் ஏதோ ஒரு கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பாள். அவளுக்கு நான் என்ன சொல்வேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

ஷெர்லின் படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எத்தனையாவது குழந்தை என்ற இடத்தில் அவளே பழக்கத்தில் 1 என்று எழுதியிருந்தாள்.

"ரெண்டு" என்றேன்.

அவள் அடித்துவிட்டு எழுதினாள். அவள் பேனா அடுத்த வரியில் நின்றது. "பேரச் சொன்னா திரும்புறாளாக்கா?"

"இன்னும் இல்ல" என்றேன். "மூணு நாளாத்தான் கூப்பிடுதேன்."